மூன்றாம் ஆள்

சென்ற தை மாதம் தென்னேரி ஏரிக்கரைச் சாலையில் ஒரு மொபெட் என் காரை உரசிவிட்டது. ஓட்டிவந்த பையன் நெசவுக் குடும்பத்தவன். நெய்து முடித்த சேலையைக் காஞ்சிபுரத்து முதலாளியிடம் சேர்க்கப் போய்க்கொண்டிருந்தான். தப்பு தன்னுடையதுதான் என்று உடனே ஒப்புக்கொண்டான். கதவில் ஒரு முழத்துக்குக் கீறல், கொஞ்சம் நசுங்கல். "போலீஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் எதுக்கு, நமக்குள்ளயே முடிச்சுக்கலாம்" என்றேன். பெருந்தன்மையாக நடந்துகொண்டதாக எனக்கு ஒரு திருப்தி.

இந்தத் திருப்தியைத்தான் பரிசீலிக்க வேண்டும் என்று படுகிறது.

முதலில் கணக்கு. நஷ்டஈடு கேட்காமலிருப்பவனுக்கு, தன் வண்டியின் சேதத்துக்காகக் கட்டும் பிரீமியத்தில் தள்ளுபடி உண்டு. முதல் வருஷம் 20 சதவீதம். ஐந்து வருஷம் கேட்காதிருந்தால் 50. ஒரு தடவை கேட்டால் அது போய்விடும். கேட்டாலும், என்னுடையதைப் போன்ற சின்னக் காருக்கு முதல் 1000 ரூபாய் நம் கையிலிருந்துதான். அவனுடைய இன்ஷூரன்ஸிடம் கேட்பதென்றால் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் வரை போக வேண்டும். ஒரு கீறலுக்காக யார் போவார்கள்? ஆக, அவனை மன்னித்ததாக நான் நினைத்துக்கொண்ட காரியத்தில் என் போனஸைத்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

நேருக்கு நேர் பேசி முடிப்பதில் ஒரு மனித உறவு இருக்கிறது, கம்பெனிக் காகிதத்தில் அது இல்லை என்று வாதிடலாம். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அவன் கேட்டான்: "எவ்ளோன்னு யாரு சார் சொல்றது?"

எங்கிருந்து கேட்கிறான் என்பது பின்னால்தான் உறைத்தது. கூலிக்கு நெய்கிற வீட்டில் 'நமக்குள்ளே' முடிகிற விவகாரம் ஒன்று உண்டு. சேலையில் கறையோ அறுந்த இழையோ கண்ணில் பட்டால் முதலாளி கூலியில் பிடித்துக்கொள்வார். சேதத்தைக் காண்பவரும், அதற்கு விலை சொல்பவரும், பணத்தைப் பிடிப்பவரும் ஒருவரே. என் குரலில் அவனுக்கு அந்தக் குரல்தான் கேட்டிருக்க வேண்டும்.

1939ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் கட்டாய இன்ஷூரன்ஸ் பகுதி 1946 ஜூலையில் அமலுக்கு வந்தது. 1988ஆம் வருஷத்துச் சட்டமும் அதைத் தொடர்கிறது. அடிபட்டவனின் நிவாரணம் இடித்தவனின் மடியிலுள்ள காசைப் பொறுத்திருக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. அடிபட்டவனுக்கு இன்ஷூரன்ஸ் பாஷையில் 'மூன்றாம் நபர்' என்று பெயர். ஈரமில்லாத சொல்தான். ஆனால் இரண்டு பேர் சமமாக இல்லாத இடத்தில் நியாயத்துக்கு மூன்றாவதாக ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அது கம்பெனி சர்வேயராக இருக்கலாம், டீக்கடைப் பெரியவராகவும் இருக்கலாம். நாம் சலித்துக்கொள்ளும் அந்த முகமின்மை எளியவனுக்குச் சில சமயம் காப்பு.

அதற்காக எல்லாக் கீறலையும் கம்பெனிக்கு அனுப்பச் சொல்லவில்லை. பலர் சேர்ந்து போட்ட பணம் ஏரித் தண்ணீர் மாதிரி. அவசியமில்லாமல் மடையைத் திறந்தால் கடைமடைக்காரன் வயல் காயும். நமக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம். தொகையை மட்டும் வலியவன் சொல்லக் கூடாது.

அன்று நான்தான் சொன்னேன். ஐந்நூறு. எண்ணிக் கொடுத்துவிட்டு, "வாங்கிக்கிட்டதா ஒரு சீட்டு எழுதிக் குடுங்க சார்" என்றான். "நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டுச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. சீட்டை நாலாக மடித்து, சேலைப் பொட்டலத்துக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டான்.