ஒருபெயரும் பலபொருளும்

உலகத்துப் பொருள்கள் எண்ணிறந்தன. அவற்றைச் சுட்டுதற்கு மக்கள் கொண்ட பெயர்களோ அளவுபட்டன. ஆகலின் ஒரு பெயர் பல பொருள்மேற் செல்லுதல் எல்லா மொழியினும் நிகழ்வதே. இலக்கணம் வல்லார்க்கு இஃது எளிய செய்தி. ஆயின், ஒரு பெயரைத் தாங்கி நிற்கும் பல பொருள்களுக்கு அப்பெயரையன்றி வேறு பொதுமை உண்டோ, அவற்றுள் ஒன்றன் புகழும் பழியும் அப்பெயர்வழியே மற்றொன்றைச் சென்று சாருமோ என்று வினவுவார்க்கு விடை அத்துணை எளிதன்று. இவ்வினாவை வெறுஞ் சொல்லளவில் நிறுத்தாது, நம் நாட்டார் நாவிற் பயின்றதொரு பெயரை எடுத்து ஆராய்வாம். அப்பெயர் எம்டன் என்பது.

செர்மனி நாட்டின் வடமேற்குக் கோடியில், எம்ஸ் என்னும் ஆறு கடலொடு கலக்கும் முகத்தருகே உள்ள பழைய துறைமுக நகரம் எம்டன். பதினாறாம் நூற்றாண்டிலே சமயக் கொடுமைக்கு அஞ்சி நெதர்லாந்தினின்றும் ஓடிவந்த பலர்க்கு அவ்வூர் புகலிடமாய் இருந்தது. 1908-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆம் நாள் தான்சிக் துறையில் நீரிலிறக்கப்பட்ட போர்க்கப்பலொன்றுக்கு அந்நகரின் பெயரை இட்டனர். அதற்குமுன் அக்கலத்துக்குத் தனக்கென ஒரு பெயரில்லை. 'பைல்' என்னும் பழைய கலத்துக்கு ஈடாகக் கட்டப்பட்டமையின் 'பைலுக்கு மாற்று' என்றே கணக்கேடுகளில் அது வழங்கிற்று. (அதனைக் கட்டிய தான்சிக்கும் இன்று போலந்து நாட்டில் கிதான்ஸ்க் எனப் பெயர் திரிந்து நிற்கின்றது. ஊர்கள் பெயர்களை மாற்றுவதும் பெயர்கள் ஊர்களை மாற்றுவதும் உலகியல்போலும்.)

1914-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22-ஆம் நாள் இரவு ஒன்பதரை மணியளவில் அக்கப்பல் சென்னைக் கரையை அணுகி, அரைமணி நேரத்துள் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசிற்று. பர்மா எண்ணெய்க் கம்பெனியாரின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றியெரிந்தன. ஐவரேனும் உயிர் துறந்தனர். அஞ்சி நகரைவிட்டு நீங்கினார் பலர். உயர்நீதிமன்றத்து மதிலிற் பதித்த கல்லொன்று அவ்விரவை இன்றும் நினைவூட்டுகின்றது. அவ்வாண்டு நவம்பர் 9-ஆம் நாள் கோகோஸ் தீவுகளினருகே ஆஸ்திரேலியக் கப்பலாகிய சிட்னி அதனைத் தாக்கி அழித்தது. எம்டனில் இருந்தோருள் 130-க்கு மேற்பட்டோர் மாண்டனர். கப்பல் ஒழிந்தது, பெயர் நம்மிடம் தங்கிவிட்டது. சூழ்ச்சியும் துணிவும் ஒருங்குடையானையும், தன்கீழ் உள்ளாரை அதட்டியே ஆள்பவனையும் 'அவன் ஓர் எம்டன்' எனத் தமிழ் மக்கள் சொல்லலாயினர்.

இப்பெயரைத் தாங்கினார் இன்னும் உளர். ஆல்டோனாவிற் பிறந்த யூத அறிஞராகிய யாக்கோபு எம்டன் (1697–1776), அந்நகரிற் சில ஆண்டுகள் மட்டுமே குருவாயிருந்து நீங்கியும் வாழ்நாள் முழுதும் அதன் பெயரை விட்டிலர். சுவிட்சர்லாந்தில் தோன்றி விண்மீன்களின் அகநிலையைக் கணிதத்தால் ஆராய்ந்த ராபர்ட் எம்டன் (1862–1940) என்பாரும் ஒருவர். நமக்குத் தோன்றாத மதியத்தின் மறுபுறத்துக் குழியொன்று அவர் பெயரால் எம்டன் எனப்படும். அமெரிக்காவில் இல்லினாய், மிசௌரி என்னும் மாகாணங்களிற் சிற்றூர்கள் உள. வெள்ளிய பெரிய வாத்தினம் ஒன்றும் உளது.

இனி, இவற்றுக்கெல்லாம் பொதுவாவது யாது? மரம் என்னும் சொல் ஆலுக்கும் வேம்புக்கும் பொதுவாதற்கு மரத்தன்மை என்னும் சாதி ஏதுவாகும். எம்டன்தன்மை என ஒரு சாதி நகரிலும் கப்பலிலும் வாத்திலும் ஊடுருவி நிற்பதாக எவரும் கூறார். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள இயைபு இயற்கையென நாட்டும் மீமாஞ்சகரும், தேவதத்தன் முதலிய இடுபெயர்கள் மக்களால் ஆக்கப்பட்டன என்றே உடன்படுவர். எல்லாச் சொல்லியைபும் சங்கேதம் என்னும் நையாயிகர்க்கோ இஃதொரு வழக்கே அன்று. அங்ஙனமாயின் இது முற்றும் காரணமற்ற இடுகுறியோ எனின், அதுவும் அன்று. நகரின் பெயர் கப்பலுக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கப்பலின் பெயர் தமிழ்நாட்டுத் தந்தையொருவர்க்கு வந்ததற்கு வேறொரு காரணம் உண்டு. நம் இலக்கண நூலார் ஆகுபெயர் என்று வகுத்தது இத்தகைய நெறியையே. ஒரு பொருளின் பெயர் அதனொடு இயைபுடைய பிறிதொன்றுக்கு ஆகிவரும். அது மீண்டும் வேறோர் இயைபால் மூன்றாவதற்கு ஆகும். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததைப் பற்றி நிற்க, முதற்கண்ணியும் கடைக்கண்ணியும் ஒன்றையொன்று தொடுவதேயில்லை. எம்ஸ் ஆற்றங்கரை வணிகனுக்கும் மதுரையில் தன் மக்களை அதட்டும் தந்தைக்கும் யாதோர் இயைபும் இல்லை. பெயர் மட்டும் ஒன்று.

அற்றேல், கேட்போன் இவற்றை எங்ஙனம் பிரித்தறிவான்? தொல்காப்பியனார் இதற்கு வழி காட்டியுள்ளார். பலபொருள் ஒருசொல்லில் ஒருவகை, வினையால் வேறுபடுவது. 'மா காய்த்தது' எனின் மரமும், 'மா கனைத்தது' எனின் குதிரையும் தோன்றும். எம்டன் நூல் எழுதினார், எம்டன் முட்டையிட்டது, எம்டன் நங்கூரம் பாய்ச்சிற்று என்பவற்றிலும் வினையே பொருளைப் பிரித்து நிறுத்துகின்றது. இவ்விடத்து வினை என்றது இலக்கண வினையையே. ஆயினும், செயலையும் செயலின் பயனாகிய கன்மத்தையும் ஒரு சொல்லாற் சுட்டும் நம் மொழியில், பெயரால் ஒன்றாய்க் கிடப்பனவற்றை வினை பிரிக்கும் என்னும் இவ்விதி சொல்லதிகாரத்தோடு நின்றுவிடாது என்பது எம் கருத்து.

'எம்டன் எரிந்தது' என ஒருவன் சொல்லின் வினையும் பொருளைப் பிரியாது. 1914-இல் எரிந்தது கப்பல். 1944-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 6-ஆம் நாள் வானூர்திகள் இட்ட குண்டுகளால் எரிந்தது நகரம். அதன் பெரும்பகுதி அன்று அழிந்தது. ஐயம் தோன்றும் இடமும் இதுவே, அறம் பிறழும் இடமும் இதுவே. சென்னையிற் தீயிட்டதன் பெயரையுடைய ஊர் முப்பதாண்டின் பின் தீயுண்டது, வினை விடாது என்று சொல்லி மகிழ்வாரும் உளராகலாம். அவர் கன்மத்தின் இலக்கணத்தை அறியாதவராவர். கன்மம் சடம்; தானே ஒருவனைத் தேடிச் சென்று பற்றும் அறிவு அதற்கில்லை. செய்தானை அறிந்து பயனைக் கூட்டுவோன் முதல்வன். அவன் பெயர்ப்பட்டியலைப் பார்த்துக் கூட்டுவானல்லன். 1944-இல் அந்நகரின் இடிபாட்டில் இறந்த சிறுவன், சென்னையிற் குண்டு விழுந்தபோது பிறந்தவனும் அல்லன். அவனுக்கும் அக்கப்பலுக்கும் இடையே இருந்தது ஓர் எழுத்துத்தொடர். அதனையே குற்றத்துக்குப் பாலமாக்குதல், ஒரே பெயருடைய இருவருள் ஒருவன் கடனுக்கு மற்றவன் வீட்டைச் சப்தி செய்தலை ஒக்கும்.

பழி பெயர்வழிச் செல்லாது என்பதை உடன்படுவாரும், புகழ் செல்லும் என்பதை விட மனம் ஒருப்படார். அரசுகளின் கப்பற்படைகள் எல்லாம் இந்நம்பிக்கை உடையன. முதற் கப்பல் அழிந்தபின், 1916-இல் நீரிலிறங்கிய புதிய கலமொன்றுக்கு எம்டன் என்றே பெயரிட்டு, அதன் முகப்பில் இரும்புச் சிலுவைச் சின்னத்தையும் பொறித்தனர். போர் முடிந்தபின் 1919-இல் ஸ்காப்பா புளோவில் அதனைத் தன் மாலுமிகளே மூழ்கடிக்க முயன்றனர். 1925-இல் மூன்றாவது எம்டன் தோன்றி 1945-இல் அழிந்தது. வென்ற கப்பலின் பெயர் மட்டும் யாது செய்தது? சிட்னி என்பது முதற்கண் ஓர் ஆங்கிலப் பிரபுவின் பெயர். 1788-இல் ஓர் ஊருக்காயிற்று. பின்னர் அவ்வூரின் பெயரால் ஒரு கப்பலுக்காயிற்று. எம்டனை வென்ற அக்கப்பலின் பெயரைத் தாங்கிய இரண்டாவது சிட்னி, 1941-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள் கொர்மோரான் என்னும் செர்மானியக் கலத்தொடு பொருது, தன்கண் இருந்த 645 பேரொடும் கடலுள் மறைந்தது. ஒருவரும் மீண்டிலர். கோகோஸ் வெற்றி பெயரின்கண் உறைந்திருந்ததாயின் அவருள் ஒருவரையேனும் அது காத்திருத்தல் வேண்டும்.

கப்பல்கள் அறிவில்லன, அவற்றுக்குப் பெயரால் வரும் நலமும் தீங்கும் இல்லை. மக்களைப்பற்றி யாது சொல்வது? போருக்குப் பின்னர் எம்டனிற் பணிசெய்து உயிர்பிழைத்தோர், தம் குடும்பப்பெயரின் இறுதியில் எம்டன் என்பதைச் சேர்த்துக்கொள்ளவும், அதனைத் தம் வழியினர்க்கு விட்டுச் செல்லவும் உரிமை பெற்றனர். தந்தை செய்த தொழிலை மகன் செய்திலன். அக்கடலை அவன் கண்டும் இலன். ஆயினும் அவன் பெயரைச் சொல்லுந்தோறும் ஒரு போர் சொல்லப்படுகின்றது. பெருமையெனின் உழையாது பெற்ற பெருமை. சுமையெனின் செய்யாது பெற்ற சுமை. அரசினர் நன்றி கருதியே இதனை அளித்தனர் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் நன்றிக்கு உரியார் செய்தோர். பிறவாத பேரர் அல்லர். அக்கப்பலின் தலைவராகிய கார்ல் பொன் முல்லர் என்பார் தம் செயல்களைப் பாராட்டி நினைவுநூல் ஒன்றும் எழுதாமலே 1923-இல் இறந்தார். அவரது அடக்கம் எமக்கு அப்பெயர்நீட்சியினும் மேலாகத் தோன்றுகின்றது.

ஈண்டு ஓர் ஆசங்கை. பாட்டன் பெயரைப் பேரனுக்கிடுதல் நம்மவர் தொன்றுதொட்ட வழக்கு. பெயரன் என்பதே பேரன் என மருவிற்று. பெயர் யாதும் தாராதாயின் இவ்வழக்கு வீண் அன்றோ எனின், அற்றன்று. பேரனுக்குப் பாட்டனின் பெயரிடுவோர் பாட்டனின் அறத்தை அவன்மேல் ஏற்றுவதாகக் கருதுகின்றிலர். அழைக்குந்தோறும் தாம் அவரை நினைதற்பொருட்டே இடுகின்றனர். மாமனார் பெயரைச் சொல்லக் கூசி, அப்பெயர் பூண்ட மகனைச் 'சாமி' என்றும் 'ஐயா' என்றும் அழைக்கும் மருமகளிர் நம் வீடுகளில் உளர். பெயர் குழந்தையினது, மதிப்பு மாமனார்க்கு உரியது. இரண்டும் ஒன்றாகாமை அவள் உள்ளத்துக்கு நன்கு தெரியும். நினைவு நினைப்பவரின் செயல், பெயர்பெற்றவனின் உடைமையன்று.

பாகவதத்து அசாமிளன் கதையையும் காட்டுவர். இறக்குந் தறுவாயில் அவன் அழைத்தது தன் மகனை, மகனுக்கு வாய்த்திருந்தது கடவுளின் பெயர், வந்தது வீடுபேறு. ஆண்டுப் பெயரே பயன் தந்ததன்றோ என்பர். தரின், அம்மகனை நாடோறும் அப்பெயரால் உணவுக்கழைத்த அயலாரெல்லாம் வீடடைந்திருத்தல் வேண்டும். அங்ஙனம் கதை கூறவில்லை. கேட்டவர் ஒருவர் இருந்தார், அவர் அருள் செய்தார் என்பதே அதன் கிடக்கை. அறிவற்ற ஒலிக்கு அருளுதல் இல்லை; அறிவுடைய ஒருவர் அதனை ஏன்றுகொள்ளுதல் உண்டு. எனவே அக்கதை எம் கொள்கைக்குத் துணையாவதன்றிப் பகையாகாது.

இறுதியாக, நாம் வழங்கும் எம்டனைச் சிறிது நோக்குவாம். அக்கப்பலுக்குப் புகைபோக்கிகள் மூன்று. பகைவர் கண்ணுக்கு ஆங்கிலக் கப்பல்போலத் தோன்றும்படி, நான்காவதாகப் பொய்ப்புகைபோக்கி ஒன்றை அதன்மேல் எழுப்பியிருந்தனர். தமிழர் சொல்லில் இன்றும் வாழும் சூழ்ச்சிப்பொருளுக்கு இக்கதை மிகப் பொருந்தும். மலையாள நாட்டிலோ 'எமண்டன்' எனின் மிகப் பெரியது என்று பொருள். அதுவும் இக்கப்பலின் பெயரே என்பர். உண்மையில் அது பெரிய கப்பலன்று. 118 மீட்டர் நீளமும் 3,664 டன் அளவும் உடைய இலகுவகைக் கலம் அது. அதனைப் பெரிதாக்கியது மக்களின் அச்சம். மேலும் அதன் தலைவர், தாம் பிடித்த இருபதுக்கு மேற்பட்ட வாணிகக் கலங்களின் மாலுமிகளை உயிரோடு கரை சேர்ப்பித்தவர் எனப் பகைநாட்டுச் செய்தித்தாள்களாலும் புகழப்பட்டார். அவ்விரக்கம் எந்த மொழியிலும் ஒரு சொல்லாகவில்லை. ஒருசாரார் சூழ்ச்சியை எடுத்துக்கொண்டனர், ஒருசாரார் பருமையை. சென்னையில் இறந்தாரையும் அச்சொல் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பெயரைக் கொண்டு ஒருவனை அறிந்துவிட்டதாகக் கருதுவோர், அப்பெயர் தன்னைப் பெற்ற பொருளிலிருந்தே எத்துணைச் சிறிது அள்ளி வந்தது என்பதை எண்ணிப்பார்ப்பதில்லை.

2006-ஆம் ஆண்டிலே, மகனை அடக்கியாளும் தந்தையொருவரைப்பற்றிய திரைப்படத்துக்கு 'எம்டன் மகன்' எனப் பெயரிட்டனர். தமிழ்ப்பெயருடைய படங்களுக்கு அரசினர் அளித்த வரிவிலக்கின் பொருட்டு, அது பின்னர் 'எம் மகன்' என மாற்றப்பட்டது. தொண்ணூறு ஆண்டுக்கு மேல் நம் வீட்டுத் திண்ணைகளில் வழங்கியும், அச்சொல்லை வேற்றுநாட்டுக் கப்பலாகவே கணக்கில் வைத்தனர்.