மகளின் விழாவுக்கு மகனின் பெயர்

செப்டம்பர் 22 அல்லது 23, பகலும் இரவும் ஏறத்தாழ ஒரே அளவாகும் நாள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விக்கா உள்ளிட்ட நவீன பேகன் வழிபாட்டினர் அன்று ஆப்பிளும் ரொட்டியும் தானியக் கதிரும் படைத்து விளைச்சலுக்கு நன்றி சொல்கிறார்கள். கிறித்துவத்துக்கு முந்தைய ஐரோப்பியத் தெய்வங்களை மீட்க முயல்பவர்கள் அவர்கள். பெண்தெய்வத்தை நடுவில் வைக்கும் வழிபாடு என்பதால்தான் அதைப் படிக்கத் தொடங்கினேன். ஆனால் அந்த நாளுக்கு அவர்களில் பலர் வழங்கும் பெயர் 'மாபன்'. அது ஒரு மகனின் பெயர்.

பழைய பெயரும் அல்ல. 1970களில் எய்டன் கெல்லி என்ற அமெரிக்கர் பேகன் நாட்காட்டி ஒன்றைத் தொகுத்தபோது வைத்தது. அவர் மனதில் முதலில் இருந்தவள் ஒரு மகள்: பாதாளத்துக்குக் கடத்தப்பட்ட கிரேக்கப் பெர்செஃபனி. இந்தப் பருவத்தில்தான் எலூசிஸ் நகரில் அவளுக்கும் தாய் டிமீட்டருக்கும் பெருவிழா நடந்தது. அதற்கு இணையான கதையை வட ஐரோப்பிய மரபில் தேடிய கெல்லி, வேல்ஸ் கதையொன்றில் வரும் மாபனைக் கண்டெடுத்தார். பிறந்து மூன்று இரவே ஆனபோது தாயிடமிருந்து களவுபோன குழந்தை அவன்.

இரண்டும் இணையா? டிமீட்டர் தீப்பந்தங்களோடு ஒன்பது நாள் தேடி அலைந்தாள். மகளைக் கடத்தச் சம்மதம் தந்தவன் அவளுடைய தந்தை சீயஸே என்று அறிந்தாள். மண்ணை விளையாமல் செய்தாள். தெய்வங்களுக்குப் படையலே நின்றுபோகும் நிலை வந்த பிறகுதான் சீயஸ் இறங்கிவந்தான். மாபனின் தாயோ கதையில் எதுவுமே செய்வதில்லை. ஆர்தரின் வீரர்கள் அவனைச் சிறைமீட்கிறார்கள். அவள் பெயர் மோட்ரன். அதற்குப் பொருளே 'தாய்' என்பதுதான்.

எங்கள் தெருவில் என் அம்மாவைத் தம்பியின் பெயரைச் சொல்லி, அவன் அம்மா என்றே கூப்பிட்டார்கள். மூத்தவள் நான். அம்மாவின் சொந்தப் பெயர் ரேஷன் அட்டையில் இருந்தது. கெல்லிக்குத் தீய நோக்கம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. எங்கள் தெருவுக்கும் இருக்கவில்லை. ஒரு பெண்ணை மறைக்கத் தீய நோக்கம் தேவையில்லை, பழக்கம் போதும்.

அப்படியானால் இந்த விழா போலியா? புதிது என்பதால் எதுவும் போலியாகிவிடாது. எல்லாச் சடங்கும் என்றோ யாரோ செய்ததே. 'காலங்காலமாக இப்படித்தான்' என்று வாயடைக்கும் மரபுகளுக்கு நடுவே, பெயர் வைத்தவர் யார் என்று தெரிகிற மரபு நல்லதுதான். அதைக் கேள்வி கேட்கலாம், மாற்றலாம். மாபன் என்ற பெயரை ஏற்காத பேகன்களும் இருக்கிறார்கள்.

பெயரைவிட என்னை உறுத்துவது, அன்று அவர்கள் போற்றும் 'சமநிலை' என்ற சொல். பெர்செஃபனிக்குக் கிடைத்தது என்ன? ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு கடத்தியவனோடு, மீதி தாயோடு. தந்தை வகுத்த பங்கீடு அது. உனக்கு என்ன வேண்டும் என்று அவளை யாரும் கேட்கவில்லை. இப்படி முடித்துவைக்கும் பஞ்சாயத்தைத்தான் குடும்பங்கள் சமாதானம் என்கின்றன. அதற்கு நாம் ஏன் நன்றி சொல்ல வேண்டும்?

விளைச்சலுக்கு நன்றி சொல்லட்டும், அதில் எனக்கும் பங்குண்டு. கூடவே, விளைய விடமாட்டேன் என்று ஒரு தாய் மறுத்ததையும் அன்று பேசட்டும். அந்த மறுப்பு இல்லாமல் மகள் அந்த அளவுகூடத் திரும்பியிருக்க மாட்டாள்.