களிப்பின் விலை

மக்கள் கூடிக் களிப்பதைக் குற்றமெனக் கூறுவோர் மக்களை அறியாதவர். உழைப்பின் அயர்வைப் போக்கி, தனித்தனியே கிடப்போரை ஒருவரோடொருவர் இணைக்கும் ஆற்றல் கூட்டுக் களிப்புக்கு உண்டு. ஆயின், அக்களிப்பின் விலையைச் செலுத்துவோர் யாவர் என்ற வினா எழுந்ததும், பொழுதுபோக்குப் பற்றிய பேச்சு அறம் பற்றிய பேச்சாகிவிடுகின்றது. இங்கிலாந்தில் மார்ச்சு மாதந்தோறும் நடைபெறும் 'கிறவ்ற்ஸ்' நாய்க் கண்காட்சியைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

பேர்மிங்காம் நகரில் நான்கு நாள் நடைபெறும் அக்காட்சிக்கு நாய்ப் பிரியர் சங்கங்கள் பஸ் வண்டிகளை வாடகைக்கு அமர்த்திக் கூட்டமாகச் செல்வதுண்டு. கடைச் சிப்பந்தியும் தாதியும், ஓய்வுபெற்ற தொழிலாளியும் பள்ளி மாணவனும் அவ்வண்டியில் அருகருகே அமர்கின்றனர். கட்டிவந்த உணவு கைமாறுகின்றது. பாட்டும் பகிடியும் நெடுவழியைக் குறுக்குகின்றன. பிரித்தானியத் தொழிலாளர் நெடுங்காலம் போராடியே 1938இல் சம்பளத்துடன் கூடிய விடுமுறைக்குச் சட்டம் பெற்றனர். அவ்வாறு விரிந்த ஓய்வுரிமையின் இனிய பயன்களுள் இத்தகைய உலாவும் ஒன்று. 'உன் பாட்டன் யார்?' என்று அவ்வண்டியில் எவரும் எவரையும் வினவுவதில்லை.

மண்டபத்தின் உள்ளேயோ அதுவே முதல் வினாவாகின்றது. ஓட்டத்திலும் சாகசத்திலும் கலப்பின நாய்கள் பங்குபற்றலாம். தலையாய பரிசு குலவழி பதியப்பெற்ற நாய்க்கே உரியது.

இந்நியதி எங்கிருந்து வந்தது? 1859இல் நியூகாஸில் நகரில் நடைபெற்ற போட்டியில் வேட்டை நாய்கள் அறுபது பங்குபற்றின. பரிசாக அளிக்கப்பட்டவை துப்பாக்கிகள். குலவழிப் பதிவைப் பேணும் கெனல் கழகம் 1873இல் தோன்றியது. நாய் விசுக்கோத்து விற்பனையில் ஈடுபட்டிருந்த சாள்ஸ் கிறவ்ற் என்பவர், தம் பெயரால் வழங்கும் காட்சியை 1891இல் இலண்டனில் தொடங்கினார். ஏறத்தாழ 2,000 நாய்கள் வந்தன. விக்டோரியா மகாராணியும் தம் நாய்களை அனுப்பினார். வேட்டைச் சீமானின் பெருமிதமும், வணிகனின் கணக்கும், முடியின் ஆதரவும் சேர்ந்து உருவாக்கிய அரங்கிற்கே இன்று உழைப்பாளியின் பஸ் செல்கின்றது.

விலையை இனி நோக்குவோம். புல்டோக் இனத்தின் அகன்ற தலையை அழகென்று போற்றினர். 2010இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வொன்றின்படி, அவ்வினத்தின் ஈற்றுகளுள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை வயிற்றைக் கீறியே நிகழ்ந்தன. கவலியர் கிங் சாள்ஸ் ஸ்பானியல் இனத்திலோ, மூளைக்கு மண்டையோடு போதாமையால் பெருவலியுற்ற நாய்களை 2008இல் பி. பி. ஸி. ஒளிபரப்பிய விவரணப்படம் உலகுக்குக் காட்டியது. அடுத்த ஆண்டு அந்நிறுவனம் இக்காட்சியை ஒளிபரப்பவில்லை. 2012இல், உடற்கேடு மிகுதியென அஞ்சப்பட்ட பதினைந்து இனங்களின் வெற்றி நாய்களை மருத்துவர் சோதித்தபோது, ஆறு நாய்கள் தேறவில்லை.

பஸ்ஸில் வந்தோர் கொடியவர்களா? அல்லர். தம் நாய்க்கு நோயென்றால் உறக்கமின்றி விழித்திருப்பவர்கள் அவர்கள். இங்குதான் சிக்கல் இருக்கின்றது. நடுவரின் விருப்பம் வளர்ப்போனின் கணக்காகின்றது. அக்கணக்கு சந்தையின் விலையாகின்றது. அவ்விலையைப் பார்வையாளரின் கரகோஷம் உயர்த்துகின்றது. இச்சங்கிலியில் எவரும் கொடுமையை விரும்பவில்லை. ஆயினும் கொடுமை நிகழ்கின்றது. பிறிதோர் உயிரின் நலனை நாடாது, அதன் உருவில் தன் இரசனையையே காண விழையும் அன்பு, அன்பாயினும் அறமாகாது.

கழகம் திருந்திவருகின்றதே என்பர் சிலர். உண்மையே. உடன்பிறந்த நாய்களை இணைத்துப் பெற்ற குட்டிகளைப் பதிவதை அது 2009இல் நிறுத்தியது. இன இலக்கணங்களையும் திருத்தியது. ஆனால் இத்திருத்தத்தை விரைவுபடுத்தியது எது? படத்தைக் கண்ட பொதுமக்களின் சினமன்றோ! கரகோஷத்துக்கு உள்ள வலிமை கண்டனத்துக்கும் உண்டென்பது இதனால் தெளிவாகும்.

இஃது எங்கோ நிகழும் செய்தியென நாம் வாளாவிருத்தல் ஆகாது. நம்மவரும் விலையுயர்ந்த நாயைச் 'சாதி நாய்' என்றே வழங்குகின்றனர். மனிதன் தன் ஏற்றத்தாழ்வை விலங்கின்மீது ஏற்றுகின்றான். பின்னர் அவ்விலங்கையே சான்றுகாட்டி, பிறப்பால் உயர்வு தாழ்வு இயற்கையே என்கின்றான். வரலாறோ வேறு கூறுகின்றது. பதிவேடும் பரிசும் சந்தையும் சேர்ந்து ஆக்கிய தூய்மை அது, இயற்கை ஆக்கியதன்று. அத்தூய்மையை இறுகக் காத்தவிடத்து விளைந்தது மேன்மையன்று, நோயே.

ஆதலின், பஸ் ஓடட்டும், பாட்டும் ஒலிக்கட்டும். அவ்வண்டியில் நிலவும் சமத்துவம் மண்டபத்துள்ளும் நுழையவேண்டும் என்பதே நம் வேண்டுகோள். மூச்சுவிட இயலாத அழகுக்குக் கைதட்ட மறுக்கும் கூட்டம், தன் களிப்பில் எதனையும் இழக்கமாட்டாது.