ஊர்ப் பொது வைஃபையும் வீட்டு அந்தரங்கமும்



ஊர் முழுவதற்கும் பொதுவாக வைஃபை அமைப்பது நல்லதா, அல்லவா என்னும் கேள்வி பட்டணங்களில் மட்டுமல்ல, கானாடுகாத்தான் போன்ற சிறு பேரூர்களிலும் எழக்கூடியது. "ஊருக்கு நன்மைதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்பார் சிலர். "வீண் வம்புக்கு வழி திறப்பானேன்?" என்பார் வேறு சிலர். இரு சாராரும் அவசரப்படுகிறார்கள். ஒரு காரியத்தின் விலை என்ன, அதைக் கொடுக்கப் போகிறவர் யார் என்று விசாரித்த பின்பே அதை நன்மை என்று தீர்மானிப்பது முறை.

முதலில் நன்மையைச் சொல்வோம். 2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றினால் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது, பாடம் கைபேசி வழியாக வந்தது. ஒரே கைபேசி உள்ள வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால், ஒரு பிள்ளைக்குப் பாடம் இல்லை. இன்று வருமானச் சான்றிதழும், பட்டாவும், கல்லூரி விண்ணப்பமும் இணையத்தின் வழியே நடக்கின்றன. ஆகையால் இணையத்தை ஆடம்பரம் என்று தள்ள நியாயமில்லை. மத்திய அரசாங்கமும் 2020 டிசம்பரில் 'பி.எம். வாணி' என்னும் திட்டத்துக்கு இசைவு தந்தது. மளிகைக் கடைக்காரரும் தேநீர்க் கடைக்காரரும் உரிமக் கட்டணம் எதுவுமின்றித் தம் கடையிலிருந்தே வைஃபை வழங்க இத்திட்டம் இடம் தருகிறது.

இனிச் செலவைப் பார்ப்போம். நம் செட்டிநாட்டு வீடுகளின் சுவர்கள் கனமானவை. முகப்பில் வைத்த கருவியின் அலை, வளவைக் கடந்து இரண்டாம் கட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் தளர்ந்துவிடும். ஆகவே கருவிகள் அதிகம் வேண்டும். கருவி வாங்குவது ஒரு நாள் செலவு. மின்சாரமும், இணைப்பின் மாதக் கட்டணமும், மழைக்கும் இடிக்கும் பழுதானதை மாற்றுவதும் ஓயாத செலவு. பி.எம். வாணிக் கடைக்காரர்களுக்குக்கூட இணைப்புக் கட்டணம் பெரும் பாரமாயிருந்தது. அதனால் 2025-இல் டிராய் ஆணையம், 200 எம்.பி.பி.எஸ். வரையுள்ள இணைப்புகளுக்கு, வீட்டுக்காரரிடம் வாங்குவதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் அவர்களிடம் வாங்கலாகாது என்று வரம்பு கட்ட நேர்ந்தது.

பெரிய கம்பெனிகளே இதில் நிலைத்து நின்றதில்லை. கூகுள் 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கி, ரெயில்டெல்லுடன் சேர்ந்து 400-க்கு மேற்பட்ட ரயில் நிலையங்களில் இலவச வைஃபை வழங்கிற்று. கைபேசி இணையம் மலிவாகிவிட்டது என்று காரணம் கூறி, 2020-இல் விலகிக்கொள்ளப்போவதாக அறிவித்தது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகர் முழுவதற்கும் வைஃபை தருவதாக வந்த கம்பெனி 2008-இல் அதைக் கைவிட்டது. இதற்கு மாறாக, ஸ்பெயின் தேசத்தின் கட்டலோனியாவில் 2004-இல் கிராமத்தார் தாமே கூடித் தொடங்கிய 'குய்ஃபி' என்னும் பொது வலை வளர்ந்து நிற்கிறது. பயன்படுத்துகிறவர்களே செலவை ஏற்றுப் பராமரிப்பதால் அது நிற்கிறது. நமக்கும் இது புதிதல்ல. புள்ளிக்கு இவ்வளவு என்று வரி வைத்துக் கோயிலைக் காப்பது இப்பக்கத்து வழக்கம். 500 வீடுகள் மாதம் 50 ரூபாய் தந்தால் 25,000 ரூபாய் சேரும் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு யாவருக்கும் விளங்கும்.

ஆனால் விளங்காத விலை ஒன்று உண்டு. ஊருணியில் தண்ணீர் எடுத்தவள் யார், எந்த நேரத்தில் எடுத்தாள் என்று ஊருணி எழுதி வைப்பதில்லை. வைஃபையோ எழுதி வைக்கும். கார்டில் எழுதிய சங்கதியைத் தபால்காரர் படிக்கலாம். உறையிலிட்டு ஒட்டிய கடிதத்தைப் படிக்க முடியாது. மேல்விலாசத்தை மட்டும் பார்க்கலாம். இக்காலத்து இணையத் தளங்களில் பெரும்பாலானவை ஒட்டிய உறை போன்றவை. ஆயினும் எந்தக் கைபேசி, எந்த நேரத்தில், எந்தத் தளத்துக்குப் போயிற்று என்னும் மேல்விலாசத்தைக் கருவியை நடத்துகிறவர் பெரும்பாலும் குறித்துக்கொள்ள முடியும். அன்றியும், ஊர் வைஃபையின் பெயரையே சூட்டி வேறொரு கருவியை வைத்து வஞ்சகன் ஒருவன் காத்திருக்கலாம். ஊரெல்லாம் அறிந்த கடவுச்சொல் பூட்டு ஆகாது.

பெயரே எழுதாமல் விட்டால் என்ன என்று கேட்கலாம். அதற்கும் இடமில்லை. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன், நவி மும்பையில் பாதுகாப்பின்றிக் கிடந்த ஒரு வீட்டு வைஃபை வழியாக மிரட்டல் கடிதம் போயிற்று. சம்பந்தமில்லாத வீட்டுக்காரர் விசாரணைக்கு ஆளானார். அடுத்த ஆண்டே தொலைத்தொடர்புத் துறை, பொது வைஃபையில் நுழைகிறவரின் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கைபேசிக்கு ஓடிபி வருவது இதனால்தான். ஆகவே பதிவேடு இருந்தே தீரும். அந்தப் பதிவேடு யார் கையில் இருக்கும் என்பதே கேள்வி.

"மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம்?" என்பது ஓர் ஆட்சேபம். மறைப்பதெல்லாம் குற்றமல்ல என்பது அதற்குப் பதில். வைத்தியரிடம் சொன்ன வியாதி, அடகுக்குப் போன நகை, நின்றுபோன கலியாணப் பேச்சு, இவற்றில் குற்றம் ஏது? ஆயினும் தெருவில் பேசப்பட்டால் ஒரு குடும்பத்தின் மானம் போகும். ஒழுக்க சாஸ்திரிகள் இரகசியத்தை மூன்றாகப் பிரிப்பார்கள்: தற்செயலாய்த் தெரிந்தாலும் வெளியிட்டால் பிறருக்குக் கேடு வருமாதலால் காக்க வேண்டியது, காப்பதாக வாக்களித்தது, காப்பார் என்று நம்பி ஒப்படைக்கப்பட்டது. இவற்றுள் கடைசியானதே கடுமையாய்க் கட்டுப்படுத்தும். வைஃபைப் பதிவேடு அந்த வகையைச் சேர்ந்தது. பட்டணத்துக் கம்பெனிக்கு நீங்கள் ஓர் எண். சிற்றூரில் கருவியை நடத்துகிறவருக்கோ உங்களை முகமறியத் தெரியும்.

உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாய்த் தீர்ப்பளித்தார்கள். 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவலைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. ஆயினும் போன மானத்தை எந்த அபராதமும் திருப்பித் தராது.

இப்போது முதற் கேள்விக்கு வருவோம்: விலையைக் கொடுப்பவர் யார்? வசதியுள்ளவர் வீட்டில் சொந்த இணைப்பு இருக்கும். அவர் ஊர் வைஃபையைத் தேட வேண்டியதில்லை. அதைத் தேடி வருகிறவர் ஏழை. இலவசம் என்ற பெயரில் விளம்பரக்காரரிடம் செலவை ஒப்படைத்தால், ஊரின் செலவை ஏழையின் அந்தரங்கம் தீர்க்கிறது. தர்மம் செய்கிறோம் என்று சொல்லி, வாங்குகிறவனிடமே விலை பிடுங்குவது தர்மமாகாது. பணமாய்க் கொடுத்த விலை அன்றே தீர்ந்துபோகும். அந்தரங்கமாய்க் கொடுத்ததற்கோ கணக்கு முடிவதே இல்லை.

ஆகையால் பொது வைஃபை வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும், ஆனால் நேரான விலைக்கு வேண்டும். ஊர் முழுவதும் பரப்புமுன் நூலகம், பேருந்து நிறுத்தம், பேரூராட்சி அலுவலகம் என்று தேவையுள்ள இரண்டொரு இடங்களில் தொடங்கலாம். செலவை இயன்றவர் பணமாகவே கொடுக்கட்டும். இயலாத மாணவனுக்கும் முதியவருக்கும் அதிலிருந்தே கிடைக்கட்டும். சட்டம் கேட்பதற்கு மேல் ஓர் எழுத்தும் குறிக்கலாகாது. தவணை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். பதிவேட்டைக் காப்பவர் யார் என்று ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் இரகசியம் காப்பதாக எழுத்து மூலம் கட்டுப்பட வேண்டும். பிறருக்கு விற்பதில்லை என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

அடுத்த முறை "இலவசம்" என்ற பலகையைக் காணும்போது, வாசகரே, ஒரு கேள்வி கேளுங்கள்: "இதற்குப் பணம் கட்டுகிறவர் யார்?" நேரான பதில் கிடைத்தால் தாராளமாய்ப் பயன்படுத்துங்கள். பதில் கிடைக்காவிட்டால், கட்டுகிறவர் நீங்களே என்று அறிந்துகொள்ளுங்கள்.