காற்றில் வரும் பேச்சு யாருடையது?

அடுத்தவர் வீட்டுக் கதவில் காதை வைத்துக் கேட்பது தவறு என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ஆனால் அந்தப் பேச்சு கதவைத் தாண்டி, சுவரைத் தாண்டி, நம் கடையின் கல்லாப் பெட்டிக்கு அருகே தானாக வந்து நின்றால் என்ன செய்வது? அப்போதும் கேட்பது தவறா? காதைப் பொத்திக்கொள்ளத்தான் வேண்டுமா?

இக்கேள்வியைச் சென்ற மாதம் மாக் மண்டினில் நம் கடைக்கு வந்த ஓர் இளைஞர் கேட்டார். அவர் கையில் ‘ஸ்கேனர்’ என்னும் சிறிய கருவி இருந்தது. போலீஸாரின் வயர்லெஸ் பேச்சைப் பிடிக்கும் என்று சொல்லிப் பழைய சாமான் கடையில் கொடுத்தார்களாம். “காற்றில் வருவதைத்தானே பாய் எடுக்கிறேன்? யார் வீட்டுக்குள்ளும் நுழையவில்லையே!” என்றார். அன்று கடையில் கூட்டம். சரியான பதில் ஒன்றும் சொல்லாமல் சீனியை நிறுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டோம். அந்தப் பதிலையே இங்கு எழுதுகிறோம்.

நாம் கற்றது மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் மட்டுமே. மின்சார சாஸ்திரம் நமக்குத் தெரியாது. ஆயினும் இந்தக் கருவியோடு நமக்குப் பழைய பழக்கம் ஒன்று உண்டு. சாதாரண வானொலிப் பெட்டியில் நாம் முள்ளைத் திருப்பி நிலையத்தைத் தேடுகிறோம். ஸ்கேனரோ ஓர் அலைவரிசையிலிருந்து அடுத்ததற்குத் தானே தாவிச் சென்று, எங்கே பேச்சு கேட்கிறதோ அங்கே நின்றுவிடும். பேச்சு முடிந்ததும் மறுபடி தாவும். காவல் வண்டி பேசினாலும், வாடகை வண்டி பேசினாலும், தீயணைப்பு வண்டி பேசினாலும் அதற்கு ஒன்றே.

இந்த ஆசையும் புதிதன்று. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரப் போலீஸார் 1928 ஆம் ஆண்டில் ரோந்து வண்டிகளுக்கு வானொலி மூலம் உத்தரவு அனுப்பத் தொடங்கினார்கள். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் அந்நாட்டு மக்கள் இரவு உணவுக்குப் பின் வீட்டு வானொலியில் பாட்டுக் கேட்பது போலவே போலீஸ் பேச்சையும் கேட்டார்கள். அதற்கென்றே முகப்பில் ‘போலீஸ்’ என்று குறித்த வானொலிப் பெட்டிகளும் விற்பனைக்கு வந்தன. பிறர் வீட்டுத் துன்பம் ஒரு பொழுதுபோக்காயிற்று.

நாமும் அவ்வாறே பொழுது போக்கியவர்கள்தாம். 1997 ஆம் ஆண்டு நமக்குப் பதினெட்டு வயது. உறவினர் ஒருவரின் கடையில் வேலை. ரேடியோ பழுது பார்க்கும் நண்பர் ஒருவர் இரவில் கடை மூடும் நேரத்தில் இக்கருவியைக் கொண்டுவருவார். அரிசி மூட்டைகளின் மேல் நாலைந்து பேர் உட்கார்ந்து கேட்போம். பாதி கரகரப்பு, மீதி, வண்டி எண்களும் சாலைப் பெயர்களும். எங்கோ கணவன் மனைவி சண்டை, எங்கோ திருட்டு. ஊர் உறங்கும்போது நமக்கு மட்டும் எல்லாம் தெரியும் என்ற ஒரு பெருமை.

ஓரிரவு, தொழிற்பேட்டைப் பக்கத்துச் சாலையில் லோரி மோதி ஒரு மோட்டார் சைக்கிள்காரர் இறந்துவிட்டதாகப் பேச்சு வந்தது. வண்டி எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் தெளிவாகக் கேட்டன. “அது மாமியின் மகன் வண்டியல்லவா?” என்றார் ஒருவர். மாமி என்பது இரண்டு வீடு தள்ளி இருந்த ஒரு விதவைத் தாய். மகன் அங்கே இரவு ஷிப்ட் வேலையில் இருந்தான். நாம் ஓடிப்போய்க் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டோம். ‘நாம்’ என்று ஏட்டின் மரபுக்காக எழுதுகிறோமே தவிர, ஓடியது ஒரே ஓர் ஆள்தான். அந்த ஆள் இக்கட்டுரையை எழுதுபவர்.

மாமி செருப்பும் போடாமல் படியிறங்கினார், கால் தடுக்கி விழுந்தார், மணிக்கட்டு முறிந்தது. அந்தக் கையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிணவறை வாசலில் நின்றார். இறந்தவர் வேறொரு பிள்ளை. இவர் மகன் தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன் நின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனோம். திட்டுவார் என்று எண்ணினோம், திட்டவில்லை. “என் பிள்ளை திரும்பி வந்துட்டான், தம்பி. அந்தத் தாய்க்கு யார் போய்ச் சொன்னாங்களோ, எப்படிச் சொன்னாங்களோ” என்றார். அவ்வளவுதான். இன்றுவரை அந்தச் சொல் நம்மை விட்டு நீங்கவில்லை. அன்று நாம் கேட்டது சரியாகவே இருந்திருந்தாலும், அதைக் கொண்டுபோய்ச் சொல்ல நாம் யார்? மரணச் செய்தியைத் தாயிடம் சேர்ப்பது ஒரு பொறுப்பு. விசாரித்து, உறுதிசெய்து, வாசலில் நின்று, அவர் விழுந்தால் தாங்கிப் பிடிக்கக் கடமைப்பட்டவர் செய்ய வேண்டிய காரியம் அது. நாம் அதைத் திருடிக்கொண்டு ஓடினோம்.

இப்போது இளைஞரின் வாதத்துக்கு வருவோம். காற்று எல்லாருக்கும் பொது. ஆகவே காற்றில் வரும் பேச்சும் பொது என்கிறார். சாலையும் பொதுதான். அதற்காகச் சாலையில் விழுந்து கிடக்கும் பணப்பை பொதுவாகிவிடுமா? பேச்சு எவ்வழியாக வருகிறது என்பதைக் கேட்டுப் பயனில்லை. யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்பதைக் கேட்க வேண்டும். வானொலி நிலையம் ஊருக்கெல்லாம் பேசுகிறது. ரோந்துக்காரர் தம் நிலையத்தோடு மட்டும் பேசுகிறார்.

“அப்படியானால் போர்க்காலத்தில் ஒளித்து வைத்து வானொலி கேட்டவர்களைப் போற்றுகிறோமே?” என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. பேராக்கில் பாப்பான் என்னும் சிற்றூரில் டாக்டர் கதிகாசுவின் மனைவியார் சிபில் கதிகாசு ஜப்பானியர் காலத்தில் இரகசியமாக வானொலி வைத்துப் பிபிசி செய்திகளைக் கேட்டார். போராளிகளுக்கு மருந்தும் கொடுத்தார். 1943 இல் பிடிபட்டுக் கொடிய சித்திரவதைக்கு ஆளானார்; அதன் காயங்களோடு 1948 இல் மறைந்தார். அவருக்கு ஜார்ஜ் பதக்கம் அளிக்கப்பட்டது. ஆனால் அவர் கேட்டது உலகத்தார் அனைவரும் கேட்க வேண்டும் என்று அனுப்பப்பட்ட செய்தி. ஆட்சியாளர் தடுத்தார், சொன்னவர் தடுக்கவில்லை. போலீஸ் வயர்லெஸ் விஷயத்தில் நிலைமை நேர்மாறு. சொல்பவரே நாம் கேட்பதை விரும்பவில்லை. அந்தப் பேச்சில் பெயர் அடிபடும் துர்ப்பாக்கியசாலியோ, விரும்புகிறாயா என்று கேட்கப்படவே இல்லை.

இன்னொரு வாதமும் உண்டு, இது வலுவானது. போலீஸார் நம் வரிப்பணத்தில் சம்பளம் பெறுபவர்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று மக்கள் அறிய வேண்டாமா? நியூயார்க் நகரப் போலீஸார் 2023 இல் தம் வயர்லெஸ்ஸைப் பிறர் கேட்க முடியாதபடி மறைக்கத் தொடங்கியபோது, பத்திரிகைக்காரர்கள் இதையே சொல்லி ஆட்சேபித்தார்கள். அந்த ஆட்சேபணையை நாம் அலட்சியம் செய்யவில்லை. அதிகாரம் இருட்டில் இருப்பது ஆபத்துத்தான். ஆயினும் அதிகாரியைக் கேள்வி கேட்பவர் தம் பெயரைச் சொல்லி, வெளிச்சத்தில் நின்று கேட்கிறார். தாம் எழுதியதற்குத் தாமே பொறுப்பேற்கிறார். அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து கேட்ட நாம் எந்த அதிகாரியையும் கேள்வி கேட்கவில்லை. வேடிக்கை பார்த்தோம். வேடிக்கைக்கு நியாயம் என்னும் சட்டையை மாட்டுவது கூடாது.

பெரியோர் இதை முன்பே பிரித்து வைத்திருக்கிறார்கள். வள்ளுவர் ஒற்றாடல் என்னும் அதிகாரத்தைப் பொருட்பாலில் அரசனுக்குரிய காரியங்களோடு வைத்தார். இல்லறத்தானுக்கு அவர் வைத்தது புறங்கூறாமை. நம் மார்க்கமோ ஆள்பவருக்கும் எல்லை கட்டியது. துருவித் துருவி ஆராய்வதை ஸூரத்துல் ஹுஜுராத் பொதுவாகவே தடுக்கிறது. கலீபா உமர் (ரலி) அவர்கள் இரவு ரோந்தில் ஒரு வீட்டுச் சுவரேறிப் பார்த்து, உள்ளே தவறு செய்துகொண்டிருந்தவரைக் கண்டித்த வரலாற்றை இமாம் கஸ்ஸாலி எழுதியிருக்கிறார். “நான் செய்த தவறு ஒன்று, தாங்கள் செய்தது மூன்று. துருவிப் பார்த்தீர்கள், வாசல் வழியே வரவில்லை, அனுமதி கேட்கவில்லை” என்ற கருத்தில் அவர் பதில் சொன்னார். கலீபா அதை ஏற்று, இனித் திருந்த வேண்டும் என்று மட்டும் சொல்லித் திரும்பினார். நீதி செலுத்தப் புறப்பட்ட கலீபாவுக்கே இந்த எல்லை என்றால், பொழுது போகாமல் கேட்கும் கடைக்காரனுக்கு எவ்வளவு?

நம் நாட்டுச் சட்டமும் இங்கே மௌனமாக இல்லை. 1998 ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 234 ஆவது பிரிவு, அதிகாரம் இல்லாதவர் பிறர் தொடர்பை இடைமறிப்பதையும், அவ்வாறு கிடைத்ததை வெளியிடுவதையும் குற்றமாக்கியிருக்கிறது. அன்றியும், பாதுகாப்புத் துறையினருக்கென்று ‘டெட்ரா’ என்னும் எண்முறை வயர்லெஸ் இங்கு ஏற்படுத்தப்பட்டுவிட்டது. பழைய ஸ்கேனரில் அது பிடிபடாது. இளைஞர் தம் காசை வீணாக்கினார் என்றே அஞ்சுகிறோம்.

கருவி செத்துவிட்டபின் இந்தக் கட்டுரை எதற்கு என்று கேட்பீர்கள். ஸ்கேனர் போயிற்று, அந்தக் காது போகவில்லை. இப்போது அது வாட்ஸ்அப்பில் குடியிருக்கிறது. விபத்து நடந்த பத்தாம் நிமிடத்தில் இரத்தம் உறையாத படம் நம் கைக்கு வருகிறது. இறந்தவரின் வீட்டார் அறிவதற்கு முன் நாம் ‘இன்னாலில்லாஹி’ எழுதி அடுத்த குழுவுக்கு அனுப்புகிறோம். போக்குவரத்து அதிகாரிகள் எங்கே நிற்கிறார்கள் என்று லோரிக்காரர்களுக்கு உளவு சொல்லிப் பிழைக்கும் ‘தொந்தோ’க்களைப் பற்றிப் பத்திரிகையில் படித்து முகம் சுளிக்கிறோம். ஆனால் “அந்த முனையில் ரோட்பிளாக்” என்ற செய்தி வந்தால் நம்மில் எத்தனை பேர் அனுப்பாமல் இருக்கிறோம்? அதிகப் பாரம் ஏற்றிய லோரி அந்தத் தகவலால் தப்பி, நம் பிள்ளை போகும் சாலைக்கே வரக்கூடும்.

தவறான காது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பாஸ்டன் நகரமே சாட்சி. 2013 ஏப்ரல் 15 அன்று அங்கு மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்து மூவர் இறந்தனர். சில நாட்களில் குற்றவாளிகளைப் போலீஸார் இரவெல்லாம் தேடியபோது, எண்ணற்றோர் வீட்டிலிருந்தபடியே போலீஸ் வயர்லெஸ்ஸைக் கேட்டு இணையத்தில் எழுதிக்கொண்டிருந்தனர். ஒரு மாணவரின் பெயரை வயர்லெஸ்ஸில் கேட்டதாகச் செய்தி பரவியது. அவர் இந்திய வம்சாவழிக் குடும்பத்துப் பிள்ளை. ஒரு மாதமாகக் காணாமற்போயிருந்தவர். அவருக்கும் குண்டுக்கும் எள்ளளவும் சம்பந்தமில்லை. தேடித் தவித்த குடும்பத்தார் மேல் வசைமாரி பொழிந்தது. ஏப்ரல் 23 அன்று அவர் உடல் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டது. பின்னால் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தவருக்கு அந்தப் பெயர் அதில் அகப்படவே இல்லை. மாக் மண்டினில் ஒரு பையன் இரண்டு இலக்கங்களைக் கேட்டு ஓடினான். அங்கே ஓர் ஊரே ஓடியது.

சிகாகோ நகரில் போலீஸ் பேச்சைப் பொதுமக்கள் கேட்க விடும்போது 30 நிமிடம் தாமதித்து விடுகிறார்கள். பத்திரிகைக்காரருக்கு அது போதாது என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். நம் நாவுக்கு அது நல்ல விதி. காதில் விழுந்ததை விழாமற் செய்ய நம்மால் ஆகாது. கடைத்தெருவில் உட்கார்ந்திருப்பவனுக்கு எல்லாம் காதில் விழும், அது குற்றமன்று. ஆனால் விழுந்தது அமானிதம். உரியவரிடம் சேர்க்க வேண்டியதானால் சேர்க்கலாம். உதவி செய்யக் கூடுமானால் வாய் திறவாமல் எழுந்து போய்ச் செய்யலாம். மற்றதை மண்ணில் புதைத்துவிட வேண்டும்.

அந்த இளைஞர் நம் ஏட்டைப் படிப்பவர். அடுத்த முறை கடைக்கு வரும்போது கருவியைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டோம். மாமி இன்றும் நம் கடையில்தான் சாமான் வாங்குகிறார். மழைக்காலத்தில் மணிக்கட்டு வலிக்கிறது என்பார். அவர் பையை அவர் வீட்டு வாசல்வரை நாமே தூக்கிச் செல்கிறோம். அன்று ஓடிய அதே வழிதான் அது. இப்போது மெதுவாக நடக்கிறோம்.