இருபது நாள் பாய்க்கு என்ன விலை சொல்வது?

கைவினைக் கண்காட்சி எந்த ஊரில் நடந்தாலும் பாய்க் கடையில் தவறாமல் கேட்கிற வார்த்தை ஒன்று உண்டு: “பார்த்துப் போட்டுக் கொடுங்கம்மா.” கேட்பவர் மேல் குற்றமில்லை. பேரம் பேசாமல் வாங்கிவிட்டால், ஏமாந்துவிட்டோமோ என்று வீடு போய்ச் சேரும்வரை மனம் அரிக்கும். நாம் வளர்ந்த விதம் அப்படி. ஆனால் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் பத்தமடையிலிருந்து வந்த நெசவுக்காரப் பெண் என்றால், அவர் எதைக் குறைப்பார்? கோரையையா, நூலையா, தன் நாட்களையா?

பத்தமடை, திருநெல்வேலிக்கு மேற்கே அம்பாசமுத்திரம் போகும் சாலையில், தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கிற ஊர். பாய் நெசவு அங்கே பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்களின் தொழில். அதிலும் பெண்களின் கைவேலை. கோரையை வெயிலில் காயவைத்து, கத்தியால் நீளவாக்கில் கீறி, கட்டாகக் கட்டி ஓடுகிற ஆற்றுத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். ஊறிப் பருத்த கோரையை மறுபடி காயவைத்து மறுபடி கீறுவார்கள். கடைசியில் அது நூலோடு போட்டி போடும் மென்மைக்கு வந்துவிடும். பிறகுதான் சாயம், பிறகுதான் பாவு, பிறகுதான் நெசவு. 100 முதல் 140 கவுண்ட் நெருக்கத்தில் நெய்யப்படுகிற இந்தப் பாயைத் துணிபோல மடித்து வைக்கலாம். பட்டுப் பாய் என்று பெயர் வந்தது சும்மா இல்லை. 1953-இல் இரண்டாம் எலிசபெத் முடிசூடியபோது பத்தமடைப் பாய் ஒன்று பரிசாகக் கடல் கடந்து போனதை ஊர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இனி ஒரு கணக்கு. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த நாள்கூலி 336 ரூபாய். நுண்ணிய பாய் ஒன்றுக்கு இருபது நாள் என்று வைத்துக்கொள்வோம். மண் வெட்டும் வேலைக்குக் கொடுத்த அதே கூலியை நெசவுக்கும் வைத்தால்கூட 6,720 ரூபாய் ஆகிறது. கோரை, நூல், சாயம் எல்லாம் தனி. கண்காட்சிக் கடையில் இரண்டு வாரம் உட்கார்ந்தால் அந்த நாட்களும் கூலி இல்லாத நாட்களே. ரயில் கட்டணம், தங்கும் செலவு, சாப்பாடு வேறு. தலைநகரின் கைவினைச் சந்தையான தில்லி ஹாட் 1994-இல் திறந்தது. தில்லியை ஒட்டிய சூரஜ்குண்ட் கைவினை மேளா 1987-இல் தொடங்கியது, வழக்கமாகப் பிப்ரவரியில் நடக்கிறது. தாமிரபரணிக் கரையிலிருந்து அங்கே போய்வருகிற ஒருவரின் தறி அத்தனை நாளும் வெறுமனே கிடக்கும். இந்தச் செலவையெல்லாம் பாயின் விலையில் ஏற்றினால் வாங்குபவர் முகம் சுருங்குகிறது. ஏற்றாவிட்டால் நெய்தவருக்குக் கட்டுப்படியாவதில்லை.

சந்தையில் விற்பது இந்த ஆற்றங்கரைக்குப் புதிதல்ல. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம், காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசை, குற்றாலத்துச் சாரல் காலம் எல்லாமே கைப்பொருளுக்குச் சந்தைகள்தாம். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் அப்படி விற்ற பொருள். கடைசலில் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றிய குட்டிக் குடமும் அடுப்பும் திருகையும் கண்ணில் பட்டால் போதும், பிள்ளை நகராது. தகப்பன் பையில் கைவிட்டுத்தான் ஆக வேண்டும். கண்டதும் வாங்குகிற பொருளுக்குத் திருவிழாக் கடை அளவெடுத்துத் தைத்த சட்டை.

பட்டுப் பாயின் வழக்கம் வேறு. கல்யாணம் நிச்சயமானதும் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். மணமகன், மணமகள் பெயரும் தேதியும் பாயிலேயே நெய்யப்படும். யாருக்கென்று தெரிந்து நெய்த பாய் அது. விலை முன்பே பேசி முடிந்திருக்கும். வாங்குபவர் காத்திருப்பார், நெய்பவர் அவசரப்பட மாட்டார். கண்காட்சி இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது. முதலில் பாய், பிறகு வாங்குபவரைத் தேடும் வேலை. பாய் மேசையில் காத்திருக்கிறது, நெய்தவரும் கூடவே காத்திருக்கிறார்.

அதன் விளைவு மேசையிலேயே தெரிகிறது. பென்சில் பை, கைப்பை, சாப்பாட்டு மேசை விரிப்பு, கோப்பு உறை. இருநூறு முந்நூறு ரூபாய்க்குள் முடிகிற பொருட்களே காலையில் போணி ஆகின்றன. இதில் தவறில்லை, அன்றைய செலவுக்கு அவைதான் வழி. ஆனால் 140 கவுண்ட் நெய்கிற விரல்கள் ஆண்டு முழுவதும் பென்சில் பைக்கான கோரையையே நெய்துகொண்டிருந்தால், பத்து ஆண்டுகளில் அந்த நுணுக்கம் யார் கையில் மிஞ்சும்? இந்தத் தொழிலில் உண்மையாகவே பயப்பட வேண்டிய இடம் இதுதான். பிளாஸ்டிக் பாய் கோரைப் பாயின் இடத்தைப் பிடித்ததுகூட இதற்கு அடுத்துதான்.

2012-13-இல் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்ப் பாயை இந்தப் பெயரில் விற்பதற்கு அது தடை. ஆனால் ஒரு பாயின் விலை இவ்வளவு என்று எந்தக் குறியீடும் சொல்லாது. நெய்தவர்தான் வாய்திறந்து சொல்ல வேண்டும். அந்த இடத்தில்தான் பலர் தயங்குகிறார்கள். தன் உழைப்புக்குத் தானே விலை சொல்வது பேராசைபோல இருக்கிறது என்று கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு அவசியமே இல்லை. இருபது நாள் ஆனது என்றால் இருபது நாள் என்றே சொல்லலாம். பாதி நெய்த பாயைச் சிறு சட்டத்தோடு மேசையில் வைத்துக் காட்டலாம். ஓர் அங்குலம் நெய்ய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கண்ணால் பார்த்தவர் அதன்பிறகு பாதி விலைக்குக் கேட்க வாயெடுப்பது கடினம்.

பூம்புகார் போன்ற அரசு விற்பனை நிலையங்கள் இருக்கும்போது நெசவாளி ஏன் ஊர் ஊராக அலைய வேண்டும் என்று கேட்கலாம். அலைவதிலும் ஒரு பலன் உண்டு. எந்த நிறத்தின் மேல் கண் நிற்கிறது, எந்த அளவு வீட்டுக்குப் பொருந்துகிறது என்று வாங்குபவர் வாயாலேயே கேட்க முடிவது கண்காட்சியில்தான். எனவே கண்காட்சிக்குப் போக வேண்டாம் என்பதல்ல இங்கே வாதம். தறியை நிறுத்திவிட்டுப் போகாமல், வீட்டில் ஒருவர் நெய்ய இன்னொருவர் போகட்டும். சின்னச் சாமான்கள் வழிச்செலவைப் பார்த்துக்கொள்ளட்டும். பட்டுப் பாய் மாதிரிக்கு ஒன்று விரிந்திருக்க, பக்கத்திலேயே ஆர்டர் எழுதும் நோட்டு ஒன்று திறந்தே இருக்கட்டும். பத்து நாளில் மூன்று கல்யாணப் பாய்க்கு முன்பணம் வந்தால், அந்தக் கண்காட்சி வீண்போகவில்லை.

மீதி வாங்குபவர் கையில். வீட்டில் கல்யாணம் வைத்திருக்கிறவர்கள் முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் முன்பே ஒரு நடை பத்தமடைக்குப் போய்வாருங்கள். மணமக்கள் பெயரைப் பிழையில்லாமல் தாளில் எழுதிக் கொடுத்து, சொன்ன விலைக்கு முன்பணமும் கொடுத்துவிட்டு வாருங்கள்.