தண்ணீர்த் தருமத்தில் மூத்தவர் யார்?

கிணறு வெட்டியவருக்குப் புண்ணியம் அதிகமா, அதைக் காத்தவருக்கா என்ற கேள்விக்குத் தமிழ்க் கல்வெட்டுகள் தயங்காமல் பதில் சொல்கின்றன. இந்தத் தருமத்தைக் காப்பவரின் பாதம் தன் தலைமேல் இருக்கட்டும் என்று கொடையாளி கடைசி வரியில் பொறித்துவைப்பது வழக்கம். கொடுத்தவரே, இன்னும் பிறக்காத ஒருவரை விழுந்து வணங்குகிறார்.

காஞ்சிபுரம் வட்டாரத்தில் இது வெறும் பணிவு அல்ல, பட்டறிவு. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். ஊர்கள் பிழைத்தது ஏரியால். தூர் வாராத ஏரியோ மேடாகிவிடும். பல்லவர், சோழர் காலத்தில் கொடையாக வந்த பொன்னை ஊர்ச்சபை வட்டிக்கு விட்டு, அந்த வட்டியில் தூர் வாரியது. ஏரிப்பட்டி என்று நிலமும் ஒதுக்கினார்கள். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921), ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆண்டுதோறும் ஆள் எடுக்கும் விதிகளைத் தருகின்றன. அறம் அங்கே கணக்கு வழக்கோடு நடந்தது.

கொடுப்பவரின் பெயர் ஆசை வேறு சிக்கல். திங்களூர் அப்பூதியடிகள் தாம் வைத்த தண்ணீர்ப் பந்தலுக்கு, நேரில் பார்த்திராத திருநாவுக்கரசரின் பெயரை இட்டார். உம் பெயரை ஏன் இடவில்லை என்று அப்பரே வந்து கேட்கும்படி ஆயிற்று என்கிறது பெரியபுராணம். ஆப்பிரிக்கக் கிராமங்களுக்குக் குடிநீர் தரப் புறப்படும் இன்றைய அறக்கட்டளைகளில் பல, அடிபம்பின் மேடையிலேயே கொடையாளி பெயரைப் பதிக்கின்றன. பெயர் இருப்பதில் குற்றமில்லை, தண்ணீர் வந்தால்.

அங்கே பரவலாக நிற்பது தமிழ்நாட்டுக்குப் பழக்கமான இந்தியா மார்க் 2 அடிபம்பு. 1970களில் யுனிசெப் துணையோடு உருவாகி, கோயம்புத்தூர்ப் பகுதியில் சோதிக்கப்பட்டது அது. உள்ளே இருக்கும் தோல் வாஷர் தேய்ந்தால் குழாய் முழுவதையும் மேலே இழுக்க வேண்டும். மெக்கானிக்கும் கூட நாலு ஆளும் இல்லாமல் நடக்காது. வாஷர் மலிவு, ஆள்தான் கிடைப்பதில்லை. சகாராவுக்குத் தெற்கே அடிபம்புகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் ஓடவில்லை என்று 2009இல் ஒரு மதிப்பீடு வந்தது.

இஸ்லாத்தில் கிணறு, சதக்கத்துல் ஜாரியா எனும் நிலைக்கும் தருமம்; மக்கள் பயன்பெறும் வரை கொடுத்தவருக்கு, அவர் இறந்த பிறகும், நன்மை சேர்ந்துகொண்டிருக்கும். அப்படியானால் பம்பு நின்ற அன்றே அந்த வரவும் நிற்கும் என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது. பம்பு நின்றுபோகாமல் இருக்க வழியும் தேடினார்கள்: குழாயைக் கழற்றாமலே வாஷரை மாற்ற வசதியுள்ள அஃப்ரிடெவ் பம்பு, ஊராரே பழுதுபார்த்துக்கொள்ளட்டும் என்ற நோக்கத்தோடு 1980களில் ஆப்பிரிக்காவிலேயே வடிவமைக்கப்பட்டது.